பேப்பர் படித்தால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு மாணவி, மின் மற்றும் மின்னணுப் பொறியியல் பிரிவு)



மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டபோது, டிரான்ஸ்பார்மர் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பழைய மலர்களை எடுத்துப் புரட்டினால் வருடா வருடம் யாராவது ஒருவர் டிரான்ஸ்பார்மரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்! ஆகவே நான் வேறு ஒன்றை எடுத்துக்கொண்டேன். அரசியல் செய்திகளை நாம் எல்லோரும் படிக்கிறோம். கேன்டீனில் பேசுகிறோம், செல்போனில் பார்த்துச் சிரிக்கிறோம், பிடித்ததை நாலு பேருக்கு அனுப்புகிறோம். ஆனால் படிக்கிறவர் அரசியலில் பங்கு எடுக்கிறாரா? படிப்பதே பங்கு எடுப்பது ஆகிவிடுமா? இதைத்தான் என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் எழுதப் போகிறேன். நான் எந்தக் கட்சியையும் சேர்ந்தவள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுரையில் கட்சிக்காரர்கள் பெயர் வரும். அது வரலாற்றுக்காக மட்டுமே.

இந்தக் கேள்வி எனக்கு வந்தது வகுப்பறையில் அல்ல, எங்கள் வீட்டுத் திண்ணையில்.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா லோடு ஏற்றி இறக்கும் வேலைக்குப் போகிறார். அம்மா, அத்தை, ஆச்சி மூன்று பேரும் பீடி சுற்றுகிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்ததும் நானும் ஒரு வருடம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சுற்றியவள்தான். பிறகுதான் இங்கே சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். எங்கள் வீட்டில் பேப்பர் வாங்குவது கிடையாது. அப்பா ராத்திரி திரும்பும்போது டீக்கடையில் எல்லோரும் படித்து முடித்த பேப்பரைக் கேட்டு வாங்கி வருவார். மறுநாள் சாயங்காலம், இலை வெட்டி முடித்து எல்லோரும் சுற்ற உட்கார்ந்த பிறகு, நான் அதைச் சத்தமாக வாசிப்பேன். பக்கத்து வீட்டிலிருந்தும் எதிர் வீட்டிலிருந்தும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கை தன் வேலையைப் பார்க்கும், காது சும்மாதானே இருக்கிறது!

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த மந்திரி எந்தத் துறை என்று கேட்டால் நம் வகுப்பில் பலருக்கு முன்னால் பதில் சொல்லுவாள். ஒரு நாள் அவள் சாதாரணமாகக் கேட்டாள்: “தினமும் வாசிச்சுச் சொல்லுதியே, இதை வச்சு நாம என்னளா பண்ணணும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரி நூலகத்தில் தேட ஆரம்பித்தேன்.

சுருட்டுக் கொட்டடியில் ஒரு வாசகர்

நாங்கள் திண்ணையில் செய்த காரியத்தை நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னாலேயே ஒரு நாட்டில் முறையாகச் செய்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே மெய் சிலிர்த்தது. அந்த நாடு கியூபா. தலைநகரம் ஹவானா சுருட்டுக்குப் பேர் போனது. நமக்குத் திண்டுக்கல், உறையூர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1865ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஹவானாவில் எல் ஃபீகரோ என்ற சுருட்டுத் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரை உயரமான இடத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக அமர்ந்து இலையைச் சுற்றிக்கொண்டே கேட்டார்கள். வாசிப்பவருக்கு ஸ்பானிய மொழியில் ‘லெக்தோர்’ என்று பெயர். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி அல்ல. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். எதை வாசிக்க வேண்டும் என்பதையும் அவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள்! காலையில் செய்தித்தாள், பிற்பாடு நாவல். ‘மான்டி கிறிஸ்டோ’ என்று இன்றைக்கும் ஒரு சுருட்டு விற்கிறதே, அந்தப் பெயரே தொழிலாளர்கள் விரும்பிக் கேட்ட நாவலிலிருந்து வந்தது என்று சொல்லுவார்கள்.

அப்போது அங்கே ‘லா அவுரோரா’ என்று தொழிலாளர்களுக்கான வாரப் பத்திரிகை ஒன்று வந்துகொண்டிருந்தது. அதை நடத்திய சத்துர்னினோ மார்த்தினெஸ் என்பவரும் சுருட்டுத் தொழிலாளிதான். வாசிப்பு ஒரு தொழிற்சாலையிலிருந்து இன்னொன்றுக்கு மளமளவென்று பரவியது. அரசாங்கம் சும்மா இருக்குமா? ஆறே மாதம் ஆவதற்குள், 1866 மே மாதத்தில், வேலை நேரத்தில் புத்தகமோ பத்திரிகையோ வாசித்துத் தொழிலாளியின் கவனத்தைத் திருப்பக்கூடாது என்று தடை ஆணை வந்துவிட்டது.

நண்பர்களே, இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பத்திரிகை அச்சடிக்கும்போது பொறுத்துக்கொண்ட அரசாங்கம், அதை எல்லோரும் சேர்ந்து கேட்கும்போது ஏன் பயந்தது? பெரும்பாலான சுருட்டுத் தொழிலாளிகளுக்கு அன்றைக்கு எழுத்து தெரியாது. எழுத்து தெரியாதவன் பத்திரிகையைப் பார்த்தால் அது வெறும் காகிதம். ஒருவர் வாசித்து முந்நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்டால், கேட்டு முடித்ததும் முந்நூறு பேரும் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து “இது சரியா?” என்று பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குத்தான் பயம்.

தடை வந்தும் வழக்கம் அடியோடு போய்விடவில்லை. கியூபாவிலிருந்து பிழைக்கப் போன தொழிலாளர்கள் அமெரிக்காவில் கீ வெஸ்ட், டாம்பா நகரங்களுக்கு அதைக் கொண்டு போனார்கள். கியூபாவின் விடுதலைக்குப் பாடுபட்ட ஹொசே மார்த்தி 1891ல் டாம்பாவுக்கு வந்து பேசியது இந்தச் சுருட்டுத் தொழிலாளர்களிடம்தான். பின்னர் அவர்கள் தங்கள் கூலியில் ஒரு பங்கை விடுதலைப் போருக்கு நன்கொடையாகக் கொடுத்தார்கள். 1895ல் ஸ்பெயினை எதிர்த்துப் போர் தொடங்கியபோது அதற்குப் பின்னால் இந்தப் பணமும் இருந்தது. கேட்டவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை.

1931ல் டாம்பாவில் முதலாளிகள் லெக்தோர்களை நிறுத்திவிட்டார்கள். தீவிரமான விஷயங்களை வாசிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வேலைநிறுத்தம் நடந்தும் பயன் இல்லை. வாசிப்பவர் இருந்த இடத்தில் ரேடியோ பாடியது! ரேடியோவும் செய்தி சொல்லும்தான். ஆனால் இன்றைக்கு இதை வாசி, அதை மறுபடி வாசி என்று ரேடியோவிடம் சொல்ல முடியுமா?

கண்ணூரில் கூடம், எங்கள் ஊரில் திண்ணை

கியூபா தூரம். நமக்குப் பக்கத்திலேயே கேரளத்தில் கண்ணூர் வட்டாரத்துப் பீடித் தொழிலாளர்களிடமும் இந்த வழக்கம் இருந்திருக்கிறது. ஒரு கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து சுற்றுவார்கள், ஒருவர் பேப்பர் வாசிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பகிர்ந்து சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். கணக்கு நேராகிவிடும். கட்சிப் பத்திரிகை, கதை, உலக யுத்தச் செய்தி எல்லாம் வாசித்திருக்கிறார்கள்.

1966ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. கேரள அரசு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, விடுமுறைச் சம்பளம் அது இதெல்லாம் கட்டுப்படியாகாது என்று மங்களூர் முதலாளிகள் 1968ல் அங்கே கதவைச் சாத்திவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. அவர்கள் கையைப் பிசைந்துகொண்டு இருக்கவில்லை. 1969ல் அரசின் உதவியோடு தாங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அதுதான் கேரள தினேஷ் பீடி. பிற்காலத்தில் பீடி விற்பனை குறையவே உணவுப் பொருள், குடை என்று வேறு தொழில்களிலும் இறங்கினார்கள். பேப்பர் கேட்டதால்தான் இது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சங்கம் இருந்தது, அரசாங்கம் கை கொடுத்தது. ஆனால் வருடக்கணக்காக ஒரே கூடத்தில் ஒரே செய்தியைக் கேட்டு வாதாடிப் பழகியவர்கள் கூடி ஒரு முடிவு எடுப்பது, முன்பின் பேசாதவர்கள் கூடுவதை விடச் சுலபம் அல்லவா?

இப்போது எங்கள் ஊரைப் பாருங்கள். எங்களிடம் கூடம் கிடையாது. இலையும் தூளும் கடையில் வாங்கி வந்து அவரவர் வீட்டில் சுற்றி, மறுநாள் கட்டிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டியதுதான். பீடிக் கடையில் கழிவு என்று இரண்டு கட்டை ஒதுக்கினால், ஏன் என்று கேட்க ஒருத்திதான் நிற்பாள். பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதே கழிவுதான், ஆனால் அவள் வந்து போனது வேறு நேரம். சட்டம் கண்ணூருக்கும் ஒன்றுதான், எங்களுக்கும் ஒன்றுதான். வேலை வீட்டுக்குள் போனதும் பேச்சும் வீட்டுக்குள் போய்விட்டது.

டீக்கடையும் படிப்பகமும்

நம் தமிழ்நாட்டுக் கதை மட்டும் குறைந்ததா? பாரதியார் 1906ல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழை நடத்தினார் என்பது நமக்குப் பாடத்திலேயே உண்டு. அதில் சந்தா எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை, பணக்காரருக்கு அதிகம், சாதாரண மக்களுக்குக் குறைவு என்பது பாடத்தில் இல்லை. 1908ல் அரசாங்கம் பத்திரிகையின் பேரில் பாய்ந்தது. பதிவில் ஆசிரியராக இருந்தவர் கைதானார். பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து நடத்தினார். பிரிட்டிஷ் எல்லைக்குள் வரக்கூடாது என்று தடை செய்ய, 1910ல் நின்று போயிற்று.

1925 மே 2ஆம் தேதி ஈரோட்டில் பெரியாரின் ‘குடி அரசு’ தொடங்கியது. 1933 அக்டோபரில் ஆட்சிமுறையைக் கண்டித்து வந்த தலையங்கத்துக்காக அவரும், பதிப்பாளர் என்ற முறையில் அவருடைய தங்கை கண்ணம்மாளும் சிறைக்குப் போனார்கள். 1942ல் காஞ்சிபுரத்தில் அண்ணாவின் ‘திராவிட நாடு’. அதே 1942 ஆகஸ்ட் மாதம் திருவாரூரில் ஒரு பையன் ‘முரசொலி’ என்று துண்டறிக்கை அச்சடித்து வெளியிட்டான். அதற்கு முன்னால் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவன். அவனுக்கு அப்போது 18 வயது. பிற்காலத்தில் ஐந்து முறை முதலமைச்சராக இருந்த கலைஞர் கருணாநிதிதான் அந்தப் பையன். அவர் கட்சி நமக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். நம் வயது என்பதற்காகச் சொன்னேன்! பொதுவுடைமைக் கட்சிக்கு 1937லிருந்து ‘ஜனசக்தி’. எந்தக் கட்சியானாலும் முதலில் ஒரு பத்திரிகை வேண்டும் என்று அந்தக் காலத்தில் நினைத்திருக்கிறார்கள்.

ஆனால் வாங்கிப் படிக்க ஆள் வேண்டுமே! 1951 மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். முதல் பொதுத்தேர்தலில் பெயரைப் படிக்க முடியாதவர்களுக்காகவே வேட்பாளருக்கு ஒரு சின்னம், ஒரு பெட்டி என்று தனித்தனியாக வைத்தார்கள். அந்த நிலைமையில் இத்தனை பத்திரிகையும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது எப்படி? டீக்கடை, முடிதிருத்தும் கடை, படிப்பகம் இவைதான் வழி. ஒரு கொட்டகை, இரண்டு பெஞ்சு, சுவரில் தலைவர் படம், காலையில் வரும் ஒரு பேப்பர். தெரிந்தவர் வாசிப்பார், மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். 1942ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் ‘தினத்தந்தி’யைத் தொடங்கி, பேசுகிற தமிழுக்கு நெருக்கமாகப் பெரிய எழுத்தில் போட்டதும் இந்தக் கூட்டத்துக்குத்தான். எங்கள் ஆச்சியின் அப்பா அப்படி நின்று கேட்டவர்தான். ஒரு வரி படிக்கத் தெரியாது. ஆனால் ஊர்க்கூட்டத்தில் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு என்று ஆச்சி இன்றும் பெருமையாகச் சொல்லும்.

சரி, ஆச்சி நின்று கேட்டதா என்று கேட்டேன். “பொம்பளைக்கு டீக்கடையில என்ன சோலி?” என்றது.

இதுதான் அந்தப் பொற்காலத்தின் ஓட்டை. டீக்கடை பெஞ்சு எல்லோருக்கும் இல்லை. பெண்களுக்கு இல்லை. பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனிக் குவளை வைத்திருந்த கடையில் அவர்கள் எப்படி உட்கார்ந்து பேப்பர் கேட்டிருப்பார்கள்? ஆனாலும் பெண்கள் அரசியலுக்கு வராமல் இருக்கவில்லை. 1938ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பெண்கள் கைக்குழந்தையோடு சிறைக்குப் போனார்கள். அதில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒருவர். தோழிகளே, பெயர் எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த நமக்கு, 2022ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறதே, அந்தத் திட்டத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நான்கூட விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்தேனே தவிர, யார் என்று தேடியது இந்தக் கட்டுரைக்காகத்தான்.

இன்னொரு குறையும் உண்டு. படிப்பகத்துக்குப் படிப்பகம் கட்சி வேறு. ஒரு கட்சிக் கொட்டகையில் மற்றக் கட்சிப் பேப்பர் இருக்காது. வாசிப்பவர் எதை விட்டுவிட்டார் என்பது கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நானே செய்திருக்கிறேன். புகையிலைத் தூளில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நாள் அரைப் பக்கம் வந்திருந்தது. தூளில் கை வைத்துக்கொண்டு இருமுகிற அம்மா முன்னால் அதை எப்படி வாசிப்பேன்? அடுத்த பத்திக்குத் தாவிவிட்டேன். ஆச்சி கையை நிறுத்தாமலே கேட்டது: “என்னளா, எதையோ தாண்டிட்ட?” அப்புறம் வாசித்தேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. ஹவானாவில் எதை வாசிப்பது என்று ஓட்டுப் போட்டார்களே, அதன் அருமை அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

தெரிந்தது வேறு, செய்தது வேறு

இந்த விஷயத்தைப் பேராசிரியர்கள் ஆராய்ந்தும் இருக்கிறார்கள். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பால் லாசர்ஸ்ஃபெல்டு என்பவர் 1940 ஜனாதிபதித் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தில் எரீ என்ற மாவட்டத்தில் 600 பேரை மே முதல் நவம்பர் வரை மாதாமாதம் போய்க் கேள்வி கேட்டார். பேப்பரும் ரேடியோவும்தான் ஓட்டைத் தீர்மானிக்கின்றன என்று எல்லோரும் நினைத்த காலம் அது. பார்த்தால் அப்படி இல்லை. பேப்பரைப் படித்துக் கட்சி மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான். அதிக வேலை செய்தது மனிதருக்கு மனிதர் பேசுகிற பேச்சு. ஒவ்வொரு வட்டத்திலும் சிலர் ஆர்வமாகப் படிக்கிறார்கள், அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுகிறார்கள், அப்படி இரண்டு படியாகத்தான் செய்தி இறங்குகிறது என்று கண்டார். 1944ல் இது புத்தகமாக வந்தது. நம் டீக்கடைக்காரரைக் கேட்டிருந்தால் இலவசமாகவே சொல்லியிருப்பார்!

அதைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது, அவரும் ராபர்ட் மெர்ட்டன் என்பவரும் 1948ல் எழுதிய ஒரு கட்டுரையில் உள்ள கருத்து. ஒருவன் தினமும் பேப்பர் படிக்கிறான், ரேடியோ கேட்கிறான், நாட்டு நடப்பு அனைத்தும் அவனுக்குத் தெரியும், கவலையும் படுகிறான். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடுகிறது, பிறகு தூங்க வேண்டும். நாட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருப்பதே நாட்டுக்கு ஏதோ செய்துவிட்டது போல அவனுக்குத் தோன்றிவிடுகிறது. செய்தி அதிகமானால் மனிதன் விழித்துக்கொள்வான் என்று நினைக்கிறோம், அதுவே மயக்க மருந்தாகவும் ஆகலாம் என்கிறார்கள். நம் பாடத்தில் சொன்னால், சப்ளை வந்துகொண்டே இருக்கிறது, சுவிட்சைப் போடவில்லை. வோல்ட் மீட்டரில் முள் காட்டும், ஆம்மீட்டரில் காட்டாது.

இதைப் படித்தபோது என் செல்போனைத்தான் பார்த்தேன். அன்றைக்கு மட்டும் எத்தனை அரசியல் வீடியோ பார்த்தேன், எத்தனைக்குக் கோபப்பட்டேன்! கோபப்பட்டு என்ன செய்தேன்? அடுத்த வீடியோ பார்த்தேன்.

அக்டோபர் 2

எங்கள் தெருவில் வாறுகால் கட்டுகிற வேலை தொடங்கிப் பாதியில் நின்று கிடந்தது. சிமெண்டு வாறுகால் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே முடிந்துவிடும். தண்ணீருக்கு அது தெரியாதே! மழை பெய்தால் மேலத் தெருத் தண்ணீர் முழுவதும் அங்கே வந்து நின்று எங்கள் வாசலில் ஏறும். இலையும் தூளும் நனைந்தால் நஷ்டம் எங்களுக்குத்தான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் பேப்பரில் சிறிய கட்டம் கட்டி ஒரு செய்தி இருந்தது. அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி அன்று கிராம சபை நடக்கும், ஊராட்சியின் வரவு செலவு வாசிக்கப்படும், வாக்காளர்கள் கலந்துகொள்ளலாம் என்று நாலே வரி. நான் அதை வாசித்துவிட்டுச் சினிமாச் செய்திக்குப் போய்விட்டேன். அத்தை “திரும்ப வாசி” என்றாள். வாசித்தேன். “வாசிக்கப்படும்னா, நம்ம முன்னாலயா?” ஆமாம் என்றேன். “அப்ப போவோம்.”

ஏழு பேர் போனார்கள், கூட நான். பாதி நாள் பீடி போயிற்று. பந்தலில் நாற்காலி எல்லாம் முன்னாலேயே நிரம்பியிருந்தது. பெண்கள் ஓரமாக ஜமுக்காளத்தில். கணக்கை ஒருவர் மளமளவென்று வாசித்து முடித்தார். அதில் எங்கள் தெரு வாறுகாலும் வந்தது. எனக்குத் தெரியும், இந்த இடத்தில் எழுந்து கேட்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993ல் நடைமுறைக்கு வந்ததும், கிராம சபை என்றால் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரும் என்பதும் எனக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரி முழுக்க அதைத்தான் படித்திருந்தேன். வாய் வரவில்லை! நாக்கு ஒட்டிக்கொண்டது. கணக்கு அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

அத்தைதான் எழுந்தாள். “எங்க தெரு வாறுகால் நாலு வீட்டுக்கு முன்ன நின்னு போச்சே ஐயா, அந்தத் தண்ணி எங்க போவும்?”

பந்தலில் சிரிப்பு. அடுத்த நிதியில் பார்க்கலாம் என்று மேசையிலிருந்து பதில் வந்தது. “அத எழுதிக்கிடுங்க” என்றாள். எழுதினார்கள். அதோடு உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். “எழுதுனத வாசிச்சுக் காட்டுங்க” என்றாள். மேசையில் இருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. வேலை இருக்கிறது, நம்பிக்கை இல்லையென்றால் இந்தப் பிள்ளையே வாசிக்கட்டும் என்று தீர்மானப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். நான் நடுங்கிக்கொண்டே போய் வாசித்தேன். கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்று மட்டும் இருந்தது. எந்தத் தெரு, எத்தனை வீடு, எதுவும் இல்லை. அதையும் சொன்னேன். அப்போது ஒருவர் கேட்டார்: “பாப்பா, உனக்கு ஓட்டு இருக்கா? ஓட்டு இல்லாதவங்க பேசக்கூடாது.”

எனக்கு அப்போது 17 வயது. திரும்பிப் பார்த்தேன்.

“அவ எங்க பேசுதா? வாசிக்கால்லா?” என்றாள் அத்தை.

தெருப் பெயரும் வீட்டுக் கணக்கும் சேர்த்து எழுதிய பிறகுதான் ஏழு பேரும் கையெழுத்தும் ரேகையும் வைத்தார்கள்.

வாறுகால் வந்ததா என்று கேட்பீர்கள். பொங்கலுக்குப் பிறகு இரண்டு வீடு வரை நீண்டது, மறுபடி நின்றுவிட்டது. இன்னும் இரண்டு வீடு பாக்கி. இப்போது திண்ணையில் பேப்பர் வந்ததும் முதலில் தேதி கேட்கிறார்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள். இது அத்தைக்கு இப்போது மனப்பாடம்.

அன்றைக்குப் பந்தலில் பேசியவளுக்கு எழுத்து தெரியாது, எழுத்து தெரிந்தவள் பேசவில்லை. இதை நான் பல நாள் யோசித்தேன். எனக்குக் கூச்சம் என்பது ஒரு காரணம். ஆனால் முழுக் காரணம் அது இல்லை. நான் அந்தச் செய்தியைத் தனியாகப் படித்தவள், அத்தை ஏழு பேரோடு சேர்ந்து கேட்டவள். எழுந்தபோது தனக்குப் பின்னால் ஆறு பேர் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். கியூபாக்காரனுக்கும் கண்ணூர்க்காரனுக்கும் தெரிந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது எனக்கு 18 முடிந்துவிட்டது. முன்பு ஓட்டுப் போட 21 வயது ஆக வேண்டும். 61ஆவது திருத்தத்தால் 1989லிருந்து 18 ஆயிற்று. முன்பெல்லாம் ஜனவரி 1ஆம் தேதி ஒன்றுதான் கணக்கு. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் நான்கு மாதங்களின் முதல் தேதியும் கணக்கு. 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்தும் வைக்கலாம். விடுதியில் இருப்பவர்கள் சொந்த ஊர் முகவரியிலோ விடுதி முகவரியிலோ ஏதாவது ஓர் இடத்தில் சேரலாம், இரண்டு இடத்தில் கூடாது. கிராமத்திலிருந்து வருகிறவர்கள் ஊர் முகவரியையே கொடுங்கள். அப்போதுதான் உங்கள் ஊர்க் கிராம சபையில் நீங்கள் உறுப்பினர். உனக்கு ஓட்டு இருக்கா என்று யாரும் கேட்க முடியாது.

படிவம் 6 நான் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டேன். வெற்றுப் படிவங்கள் கொஞ்சம் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். மதிய இடைவேளையில் மின் இயந்திர ஆய்வகத்து வாசலில் வேப்பமரத்தடியில் இருப்பேன். போட்டோவும், வயதுக்கும் முகவரிக்கும் ஆதாரமும் கொண்டு வாருங்கள். அன்றைய பேப்பரையும் யாராவது எடுத்து வந்தால் நல்லது. நான் வாசிக்கிறேன்.